இருபதாயிரம் ரேண்டுக்குள் ஒரு வழக்கு: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செலவுக் கணக்கு

சிவில் வழக்கில் ஜெயித்தவன் தோற்றவன், தோற்றவன் செத்தவன் என்று நம் ஊரில் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வந்து சேர்பவர்கள் அந்த எண்ணத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அதனால் வீட்டுக்காரர் முன்பணத்தைத் தராமல் இழுத்தடித்தாலும், காரைச் சரிசெய்வதாகப் பணம் வாங்கிய மெக்கானிக் தொலைபேசியை எடுக்காவிட்டாலும், கைமாற்று வாங்கியவர் கோயிலில் எதிரே பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டின் 61ஆம் எண் சட்டப்படி இந்த நாட்டில் சிறு வழக்கு நீதிமன்றங்கள் இயங்குகின்றன. பெயர்ப்பலகையில் ‘ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட்’ என்றிருக்கும். பெரும்பாலும் உள்ளூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றக் கட்டடத்திலேயே நடக்கும். சாதாரண மனிதர் தன் வழக்கைத் தானே பேசி, தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட இடம் அது. அங்கே வக்கீல் வைக்க முடியாது. உங்களுக்கும் முடியாது, எதிராளிக்கும் முடியாது. போவதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் யோசனை கேட்டுக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. விசாரணை அறைக்குள் மட்டும் அவர் உங்களுக்காகப் பேச முடியாது.

செலவு எவ்வளவு என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வழிமுறைக்கு வர வேண்டும்.

எதற்குப் பணம் போகும், எதற்குப் போகாது

நீதிமன்றம் தன் சேவைக்கு உங்களிடம் கட்டணம் கேட்பதில்லை. தீர்ப்புச் சொல்பவர் கமிஷனர் எனப்படுவார். இவர் பெரும்பாலும் தொழில் செய்துகொண்டிருக்கும் வழக்கறிஞராகவோ சட்டப் பேராசிரியராகவோ இருப்பார். ஊதியம் வாங்காமல் இந்தப் பணியைச் செய்கிறார். சம்மன் தயாரிக்க உதவும் கிளார்க்குக்கும் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனால் அதுவும் இலவசம்தான்.

கையிலிருந்து போகும் பணம் மூன்று இடங்களில் போகும். பணத்தைக் கேட்டு எழுதும் நோட்டீசைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் செலவு. சம்மனை ஷெரிஃப், அதாவது நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து நிறைவேற்றும் அலுவலர் மூலம் கொடுத்தால் ஷெரிஃப் கட்டணம். இது தூரத்தைப் பொறுத்தது, பொதுவாகச் சில நூறு ரேண்டுக்குள் முடியும். தீர்ப்பு வந்த பிறகும் எதிராளி பணம் தராவிட்டால் ஜப்திக்கு மறுபடியும் ஷெரிஃப் கட்டணம். மற்றபடி நகல் எடுக்கவும், போய்வரவும் ஆகும் செலவு.

ஜெயித்தால் எதைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சம்மன் தொடர்பான செலவையும் ஷெரிஃப் கட்டணத்தையும் எதிராளி தலையில் கமிஷனர் கட்டலாம். நீங்கள் போட்ட விடுப்புக்கும், பெட்ரோலுக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவுக்கும் வழக்குச் செலவு என்று எதுவும் கிடைக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி: நீங்கள் தோற்றாலும் எதிராளியின் வக்கீல் கட்டணத்தைச் சுமக்கும் ஆபத்து இல்லை. இருவருக்குமே வக்கீல் இல்லையே.

ஆகவே உண்மையான செலவு உங்கள் நாட்கள்தான். கிளார்க்கைப் பார்க்க ஒரு முறையாவது போக வேண்டும், விசாரணைக்கு ஒரு முறை, வழக்குத் தள்ளிப்போனால் இன்னொரு முறை. பல ஊர்களில் விசாரணை மாலை நேரத்தில் நடப்பதால் வேலை நாள் முழுவதும் வீணாகாது. ஆனால் கிளார்க்கின் அலுவலகம் பகலில்தான். 9,500 ரேண்ட் முன்பணத்துக்காக இவ்வளவும் செய்யலாம், செய்ய வேண்டும். எண்ணூறு ரேண்டுக்கு என்றால் அழுத்தமான ஒரு நோட்டீசோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன்.

உங்கள் வழக்கு அங்கே செல்லுமா

2019 ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பு 20,000 ரேண்ட். அதற்கு முன் 15,000 ஆக இருந்தது. உங்களுக்கு வர வேண்டியது 23,000 என்றால் மூவாயிரத்தை விட்டுக்கொடுத்து 20,000க்கு வழக்குப் போடலாம். விட்ட மூவாயிரத்தைப் பிறகு கேட்க முடியாது. மூவாயிரத்தை இழக்க மனம் வராமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் கட்டணமே அதை விழுங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு விட்டுக்கொடுப்பதே லாபம். 30,000 ரேண்ட் கடனை இரண்டாக வெட்டி இரண்டு வழக்காகப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

வழக்குப் போடுபவர் தனிமனிதராக இருக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒரு கம்பெனி இருந்து, அந்தக் கம்பெனிக்கு வர வேண்டிய பணம் என்றால் இந்த வாசல் திறக்காது. ஆனால் தனிமனிதர் கம்பெனி மீது வழக்குப் போடலாம். கம்பெனி சார்பில் அதன் இயக்குநரோ, பொறுப்புக் கொடுக்கப்பட்ட அலுவலரோ வருவார், வக்கீல் வர மாட்டார். அரசின் மீது வழக்குப் போட முடியாது, மாநகராட்சி மீதும் முடியாது. ஆகவே தண்ணீர் பில் தகராறை இங்கே கொண்டுவராதீர்கள். விவாகரத்து, உயிலின் செல்லுபடி, அவதூறு, தவறான கைது போன்றவையும் இங்கே நடக்காது.

வழக்குப் போடக் குடியுரிமை வேண்டுமா? சட்டம் தனிமனிதர் என்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. வேலை விசாவில் இருப்பவர்கள் கோர்ட்டுக்குப் போனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று அஞ்சுகிறார்கள். இது பணத் தகராறு. குற்ற வழக்கு அல்ல. இதனால் யாருக்கும் குற்றப் பதிவு ஏற்படாது.

சில தகராறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான, இலவசமான வாசல்கள் உண்டு. வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கினால் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அமைப்பிடம் 30 நாட்களுக்குள் போக வேண்டும். வாடகை வீட்டுச் சண்டைகளை ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் கட்டணமில்லாமல் கேட்கும். கடையில் வாங்கிய பொருள் பழுது என்றால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் முதலில் எழுதிப் பாருங்கள். ஒரே தகராறை ஒரே நேரத்தில் இரண்டு வாசலில் வைக்காதீர்கள்.

வட்டிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நம்மவர்களிடையே சீட்டும் வட்டியும் சகஜம். இங்கே வட்டிக்குப் பணம் கொடுப்பவர் தேசியக் கடன் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் மாதம் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொண்டிருந்தவர் நீதிமன்றத்தில் போய் நின்றால், கேள்வி முதலில் அவரைப் பார்த்தே வரலாம். வட்டியில்லாமல், உதவியாகக் கொடுத்த கைமாற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

மூன்று வருடம் என்ற கெடு

இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டப்படி சாதாரணக் கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் கடிகாரம் நிற்காது. சம்மன் எதிராளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நிற்கும்.

நம் சமூகத்தில் பணத் தகராறு எப்படி நகர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் நண்பர்கள் பேசுவார்கள். பிறகு கோயில் பெரியவர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். தைப்பூசக் காவடி முடியட்டும், பங்குனி கழியட்டும், அவர் மகள் கல்யாணம் நடக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். பெரியவர்கள் பேசித் தீர்ப்பதை நான் மதிக்கிறேன். ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பது யாருக்கும் பிடித்தமானதல்ல. ஆனால் அந்தப் பேச்சு எதுவும் மூன்று வருடக் கணக்கை நிறுத்தாது. பேச்சைத் தொடங்கும்போதே ஒரு தேதியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் நோட்டீஸ் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு வழி உண்டு. கடனை வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ‘அண்ணே, அந்தப் பத்தாயிரத்தை அடுத்த மாதம் கட்டாயம் தந்துவிடுகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி வெறும் சமாதானப் பேச்சல்ல, கடனை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். ஐந்நூறு ரேண்டைப் பகுதியாகக் கட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். தொலைபேசி மாற்றும்போது பலரும் இழப்பது இதைத்தான்.

பெயரும் முகவரியும்

ஷெரிஃப் தவறான முகவரிக்குப் போய்வந்தாலும் போன செலவை வாங்கிக்கொள்வார். மறுபடி அனுப்பினால் மறுபடி பணம். ஆகவே நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே எதிராளியின் முழுப்பெயர், வீட்டு முகவரி அல்லது வேலை செய்யும் இடம், தொலைபேசி எண் மூன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘சாட்ஸ்வொர்த் ரவி’ என்று ஊரோடு சேர்த்துக் கூப்பிடும் பெயரில் சம்மன் போட முடியாது. பணம் அனுப்பிய வங்கிச் சீட்டில் இருக்கும் பெயர், ஒப்பந்தத்தில் எழுதிய பெயர், இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

எதிராளி ஒரு வியாபாரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கடையின் பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். சட்டப்படியான கம்பெனிப் பெயர் வேறாக இருக்கலாம். கம்பெனிப் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி.யின் இணையதளத்தில் தேடிப் பார்த்தால் பதிவுப் பெயரையும், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளலாம். பதிவே இல்லாமல் தனி ஆளாக நடத்துகிறார் என்றால் அந்த ஆளின் பெயரில்தான் வழக்கு.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. எதிராளி வசிக்கும், வேலை செய்யும் அல்லது தொழில் நடத்தும் பகுதியிலோ, தகராறு முழுவதும் நடந்த பகுதியிலோ போட வேண்டும். நீங்கள் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருந்து, பணம் தர வேண்டியவர் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வீடு மாறிவிட்டார் என்று வையுங்கள். கடன் பேசியது, கொடுத்தது, திருப்பித் தருவதாகச் சொன்னது எல்லாம் ஃபீனிக்ஸில் என்றால் அங்கேயே போட இடமுண்டு. இல்லாவிட்டால் விசாரணைக்காகப் பல நூறு கிலோமீட்டர் போய்வரும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். அந்தச் செலவு திரும்ப வராது என்பதை மறக்க வேண்டாம்.

நோட்டீஸ்

முதலில் நேரிலோ தொலைபேசியிலோ ஒரு முறை நேரடியாகக் கேளுங்கள். கேட்டும் வராவிட்டால் எழுத்தில் கேட்க வேண்டும். இங்கே இதை ‘லெட்டர் ஆஃப் டிமாண்ட்’ என்பார்கள். இது இல்லாமல் கிளார்க் சம்மன் தர மாட்டார். கடிதம் எதிராளி கைக்குக் கிடைத்ததிலிருந்து குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வாடகை முன்பணத்துக்கான கடிதத்தின் சாரம் இப்படி இருந்தால் போதும்:

‘பிப்ரவரி 29 அன்று முடிந்த வாடகை ஒப்பந்தத்துக்காக நான் உங்களிடம் கட்டிய முன்பணம் 9,500 ரேண்ட். பிப்ரவரி 27 அன்று இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டோம். சேதம் எதுவும் குறிக்கப்படவில்லை. வாடகை பாக்கியும் இல்லை. வாடகை வீட்டுச் சட்டப்படி 7 நாட்களுக்குள் திரும்பியிருக்க வேண்டிய தொகை இன்றுவரை வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் 9,500 ரேண்டைக் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தவறினால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன்.’

என்ன நடந்தது, எவ்வளவு, எந்தச் சட்டம் அல்லது ஒப்பந்தம், எத்தனை நாள், எந்தக் கணக்கு. இவ்வளவுதான் வேண்டும். கோபத்தைக் கொட்டாதீர்கள். போலீசில் மாட்டிவிடுவேன், விசாவைப் பிடுங்க வைப்பேன், முகநூலில் போட்டு மானத்தை வாங்குவேன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் நாளை கமிஷனர் கையில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. கையில் கொடுக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கையில் கொடுப்பதையே நான் சொல்வேன். தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023இல் நிதி நெருக்கடியால் மீட்பு நிர்வாகத்தின் கீழ் போனது. பல கிளைகள் மூடப்பட்டுவிட்டன. பதிவுத் தபால் போய்ச் சேரும் நாளை நம்பிக் கணக்குப் போடுவது சிரமம். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நண்பர் ஒருவரோடு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம்; கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய், எத்தனை மணிக்கு, எங்கே, யாரிடம் கொடுத்தீர்கள் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட வந்த நண்பரும் ஒன்று எழுதட்டும். பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றால் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கட்டத்திலேயே பல தகராறுகள் முடிந்துவிடும். வாய்ப்பேச்சுக்கு மசியாதவர்கூடத் தேதியும் சட்டமும் எழுதிய காகிதத்தைக் கண்டால் தொலைபேசியில் அழைப்பார். தவணையில் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை தவணை, எந்தத் தேதிகள், மொத்தம் எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் கடனை ஒப்புக்கொண்டதற்கான சான்று.

கிளார்க்கும் ஷெரிஃபும்

14 நாள் முடிந்ததும் நீதிமன்றத்துக்குப் போய்ச் சிறு வழக்குக் கிளார்க்கைக் கேளுங்கள். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், நோட்டீசின் நகல், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று, ஒப்பந்தம் அல்லது கடனுக்கான ஆதாரம், எதிராளியின் பெயர் முகவரி இவ்வளவும் கையில் இருக்கட்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். சம்மனைத் தயாரிக்க அவரே உதவி செய்து, விசாரணைத் தேதியும் கொடுப்பார். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது ஆட்சிமொழி அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தேடிப் பிடிக்க நேரம் ஆகும். விசாரணையன்று போய்க் கேட்டால் வழக்குத் தள்ளிப்போகும்.

1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த தமிழர்கள் டர்பனைச் சுற்றி ஏராளம். வீட்டில் ஆங்கிலம் பேசினாலும் இந்த நாட்டு நடைமுறை அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. உங்கள் கோயிலில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கிளார்க்கிடம் போகும் நாளில் கூட வரத் தயங்க மாட்டார்கள். விசாரணையில் மட்டும் உங்களுக்குப் பதில் அவர் பேச முடியாது.

சம்மனை எதிராளியிடம் நீங்களே நேரில் கொடுக்கலாம்; செலவில்லை. ஷெரிஃப் மூலமும் கொடுக்கலாம். அதற்கு எதிராளி இருக்கும் பகுதியின் ஷெரிஃபிடம் கட்டணம் கட்ட வேண்டும். பழகிய அண்டைவீட்டுக்காரர் என்றால் நீங்களே கொடுக்கலாம். கம்பெனி, முன்கோபி, கதவைத் திறக்க மாட்டார் என்று தெரிந்தவர், இவர்களுக்கெல்லாம் ஷெரிஃபையே அனுப்புங்கள். ஷெரிஃப் தரும் அறிக்கையை எதிராளி ‘எனக்கு வரவேயில்லை’ என்று சொல்லி எளிதில் தட்டிவிட முடியாது. நீங்கள் மிச்சம்பிடித்த சில நூறு ரேண்டுக்காக வழக்கே தள்ளிப்போனால் அதில் என்ன லாபம்? ஜெயித்தால் அந்தக் கட்டணத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும் இருக்கிறது.

சம்மன் கிடைத்ததும் எதிராளி தன் மறுப்பை எழுதித் தரலாம், உங்கள் மீதே எதிர்வழக்கும் போடலாம். அவருடைய கணக்கில் உங்கள் பக்கம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நாள்

தேதியன்று நீங்கள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். எதிராளி வராவிட்டால், சம்மன் முறையாகப் போய்ச் சேர்ந்ததைக் காட்டி அவர் இல்லாமலேயே தீர்ப்பு வாங்கலாம். நேரில் வந்தாக வேண்டும் என்பதால், ஊருக்கே திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விமானம் ஏறிய பிறகு இந்த வழி அடைபட்டுவிடும். அது சில வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும் என்று வாடகை வீட்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்து சில வாரங்களாவது நாட்டில் இருக்கும்படி பயணத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் சினிமாவில் காட்டும் கோர்ட் எதுவும் இருக்காது. சத்தியப் பிரமாணம் செய்வீர்கள். பிறகு கமிஷனரே இருவரையும் கேள்வி கேட்டு உண்மையைத் தேடுவார். நீங்கள் எதிராளியைக் குறுக்குவிசாரணை செய்ய முடியாது; அவரும் உங்களைச் செய்ய முடியாது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கமிஷனரிடம் சொல்லுங்கள். இது புதியவர்களுக்குச் சாதகம். நன்றாகப் பேசத் தெரிந்தவர் பேசியே வெல்ல முடியாது. காகிதம் வைத்திருப்பவரே வெல்வார்.

அந்தக் காகிதக் கட்டை இப்படி அடுக்குங்கள். மேலே ஒரே பக்கத்தில் தேதிவாரியாக என்ன நடந்தது என்ற பட்டியல். அதன் கீழே ஒப்பந்தம். பிறகு பணம் போனதைக் காட்டும் வங்கி அறிக்கை. உங்கள் வழக்குக்குரிய வரியில் மட்டும் கோடு போடுங்கள். பிறகு வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்பிரதி, தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி. செய்தி தமிழில் இருந்தால் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். குரல் பதிவு என்றால் சொன்னதைச் சொன்னபடி எழுதி மொழிபெயர்த்து வையுங்கள். மூலச் செய்தி உள்ள தொலைபேசியையும் மின்னூட்டம் செய்து எடுத்துப் போங்கள். பிறகு படங்கள், வீடு என்றால் குடிபுகுந்த நாளில் எடுத்தது, காலி செய்த நாளில் எடுத்தது என்று சோடி சோடியாக. கடைசியில் நோட்டீசும் அதன் சான்றும். இதை மூன்று பிரதி எடுங்கள்: கமிஷனருக்கு, எதிராளிக்கு, உங்களுக்கு. பழுதைப் பார்த்த வேறொரு மெக்கானிக், பணம் கொடுத்தபோது உடனிருந்தவர் போன்ற சாட்சிகள் இருந்தால் நேரில் அழைத்து வாருங்கள்.

தீர்ப்பு அன்றைக்கே வரலாம், பிறகும் வரலாம். மேல்முறையீடு கிடையாது. கமிஷனர் பாரபட்சமாக நடந்தார், நடைமுறையில் பெரிய தவறு நேர்ந்தது, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது போன்ற காரணங்களுக்காக மட்டும் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். அங்கே ஆகும் செலவு இருபதாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். அந்த எண்ணத்தோடு யாரும் வழக்குத் தொடங்க வேண்டாம்.

தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால்

செலவு உண்மையாகவே கடிக்கும் இடம் இது. தீர்ப்பு என்பது பணமல்ல, பணத்தை வாங்கும் உரிமை. எதிராளியின் வருமானத்தை விசாரித்து, தவணையாகக் கட்டச் சொல்லவும் கமிஷனருக்கு அதிகாரம் உண்டு. மாதம் ஆயிரம் ரேண்ட் என்று வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கட்டக்கூடிய தொகையாக இருந்தால்தான் கட்டுவார்.

பத்து நாட்களுக்குள் கட்டாவிட்டாலோ தவணை தவறினாலோ மறுபடி கிளார்க்கிடம் போய் ஜப்தி வாரண்ட் கேட்கலாம். அதை நிறைவேற்றுவதும் ஷெரிஃப்தான்; தன் செலவுக்கு முன்பணம் கேட்கக்கூடும். படுக்கை, துணிமணி போன்ற அத்தியாவசியங்களை அவர் எடுக்க முடியாது. டிவியும் சோபாவும் ஏலத்தில் என்ன விலை போகும் என்று நினைத்துப் பாருங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எதிராளியை வரவழைத்து வருமானத்தை விசாரிக்கச் செய்யும் வழியும் உண்டு. அங்கே நடைமுறை நீளும், வக்கீலும் வரலாம்.

அதனால் வழக்குப் போடும் முன்பே ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும்: இவரிடம் கொடுக்க இருக்கிறதா? சம்பள வேலையில் இருப்பவர், வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர், ஓடுகிற கடைக்காரர் என்றால் துணிந்து போடுங்கள். வேலையிழந்து பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கே தடுமாறுபவர், கம்பெனியை மூடிவிட்டுப் போனவர் என்றால் தீர்ப்பை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குமேல் ஷெரிஃபுக்குப் பணம் கட்டாதீர்கள். எழுதி வாங்கிய தவணை ஒப்பந்தமே அங்கே அதிகம் பெற்றுத் தரும்.

பணம் முழுதாக வந்ததும் எதிராளிக்கு ரசீது எழுதிக் கொடுங்கள். ஜப்தி வாரண்ட் வாங்கியிருந்தால் அன்றைக்கே ஷெரிஃப் அலுவலகத்துக்கும் கிளார்க்குக்கும் எழுத்தில் தெரிவித்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயணத்தின் செலவுக்கும் யார் பொறுப்பு என்று புதிதாக ஒரு தகராறு தொடங்கும்.